தள்ளிவிடும் காப்பும் தாங்கிக்கொள்ளும் காப்பும்



புதுச்சேரியின் மீனவர் குப்பமான குருசுக்குப்பத்தின் கிழக்கெல்லையில் இன்று இருப்பது கருங்கல். மணல் இருக்க வேண்டிய இடத்தில் பெரும் பாறைத் துண்டுகள் வரிசையாகக் குவிக்கப்பட்டிருக்கின்றன. படகை ஏற்றி நிறுத்த இடமில்லை. வலையை விரித்துப் பழுது பார்க்க இடமில்லை. கரைவலை இழுப்பதற்குக் கால் ஊன்ற மணல் இல்லை. இந்தக் கல்லரண் பாதுகாப்புக்காகவே போடப்பட்டது. வீடுகளைக் கடல் கொண்டுபோகாமல் அது தடுக்கவும் செய்கிறது. ஆனால் கடற்கரை ஊர் ஒன்றைக் கடற்கரை இல்லாத ஊராக ஆக்கித்தான் அதைக் காக்க முடிந்தது என்றால், நாம் பாதுகாப்பு என்று எதைக் கருதி வந்திருக்கிறோம் என்பதை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. பருவநிலை மாறிவரும் காலத்தில் நகரங்கள் பசுமைக் கட்டமைப்பைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை இந்த ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஆபத்திலிருந்து ஓர் ஊரைக் காக்க இரண்டு வழிகள் உண்டு. வருவதைத் தடுத்து வேறு பக்கம் அனுப்பிவிடுவது ஒன்று. வருவதை வாங்கி, அதன் வேகத்தைத் தணித்து, அந்த இடத்திலேயே தாங்கிக்கொள்வது மற்றொன்று. கல்லரண், சிமென்ட் வடிகால், அறைக் குளிரூட்டி ஆகியவை முதல் வகை. மணற்கரை, ஏரி, அலையாத்திக் காடு, தோப்பு, மர நிழல், மழையைக் குடிக்கும் திறந்த மண் ஆகியவை இரண்டாம் வகை. என் வாதத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். தள்ளிவிடும் காப்பு ஆபத்தைக் குறைப்பதில்லை. அதை அடுத்தவர் வாசலுக்கு மாற்றுகிறது. அப்படி மாற்றப்படும் ஆபத்து பெரும்பாலும் எளியவர்களின் வாசலில்தான் போய் நிற்கிறது. தாங்கிக்கொள்ளும் காப்பே ஆபத்தை உண்மையில் குறைக்கிறது. ஆனால் அது தானாக நிகழாது. சாலைக்கும் மின்சாரத்துக்கும் ஒதுக்குவதைப் போல ஆண்டுதோறும் பணமும் ஆளும் பொறுப்பும் ஒதுக்கப்பட்டால் மட்டுமே அது நிற்கும். புதுச்சேரியில் மணல், மழைநீர், வெயில் என்ற மூன்றையும் எடுத்து இதை விளக்க முயல்கிறேன்.

மணல்

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அது பயணம் செய்கிறது. அலை கரையில் சாய்வாக ஏறும்போது மணலைச் சற்று வடக்காகத் தூக்கி வைக்கிறது. இறங்கும்போது நேராக இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு மணல்துகள் இப்படி ரம்பப் பல் வடிவில் ஏறி இறங்கியே ஊர் ஊராக நகர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த நகர்வு வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தின் சில மாதங்களில் தெற்கு நோக்கியும் நடக்கிறது. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. பல லட்சம் கனமீட்டர் மணல் இப்படிப் புதுச்சேரியைக் கடந்து போகிறது. ஆக, கடற்கரை என்பது வரவும் செலவும் சமமாக இருக்கும் வரை நிற்கும் ஒரு கணக்கு. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டு, 1989இல் பணி முடிந்தபோது இந்தக் கணக்கில் வரவு நின்றது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது. சேரும் மணலை எடுத்து வடக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. சுவர் எழுந்தது, மணலைக் கொண்டுசேர்க்கும் வேலைதான் உரியபடி நடக்கவில்லை. கட்டியதற்குத் திறப்பு விழா உண்டு, ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலைக்கு விழா கிடையாது என்ற நம் நிர்வாகப் பழக்கத்தின் விலையை வடக்கே இருந்த குப்பங்கள் கொடுத்தன.

கரை கரைந்ததும் கல் வந்தது. நகரத்தின் முகப்பைக் காக்கக் கல் போடப்பட்டது. அந்தக் கல்வரிசை முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கே மேலும் கல் போடப்பட்டது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று அது வடக்கே நீண்டது. கல்லில் மோதும் அலை தன் வேகம் முழுவதையும் இழப்பதில்லை. திரும்பி இறங்கும்போது சுவரின் அடிமணலையும் வாரிக்கொண்டு போகிறது. அடியில் பள்ளம் விழ, பாறை இறங்குகிறது. மேலே மறுபடி பாறை கொட்ட வேண்டியிருக்கிறது. நகரத்துக்கு வந்த ஆபத்து இப்படி ஊர் ஊராகத் தள்ளப்பட்டு, ஒன்றியப் பகுதியின் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போய்ச் சேர்ந்தது. 1990 முதல் 2016 வரையிலான கடற்கரை மாற்றங்களை ஆராய்ந்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் கடற்கரையில் 57 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணித்தது. நாட்டில் மேற்கு வங்கத்துக்கு அடுத்த நிலை இது. கடல்மட்டம் உயர உயர இந்த அரிப்பு கூடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் குருசுக்குப்பம் மணலை இழந்ததற்குப் பருவநிலை மாற்றத்தை முதற்காரணமாகச் சொல்வது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். நாமே ஏற்கெனவே பலவீனப்படுத்தி வைத்த கரையின் மேல்தான் பருவநிலை மாற்றம் வந்து ஏறுகிறது.

கரையைத் திரும்பப் பெற முடியும் என்பதற்கும் இதே நகரத்தில் சான்று இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018இல் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றை அமைத்தது. அலையைக் கரைக்கு வருமுன்பே உடைத்து, அதன் பின்னால் மணல் தங்கும்படி செய்வது அதன் நோக்கம். துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கரையில் சேர்க்கப்பட்டது. ஒரு தலைமுறையாகக் கல்லை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் காந்தி சிலைக்குப் பக்கத்தில் மணலில் இறங்கி நின்றார்கள். இதில் இரண்டு பாடங்கள் உண்டு. கரையைக் காப்பது மணலே. பொறியியலின் வேலை அந்த மணலைத் தங்கவைப்பது. மற்றொன்று, திரும்பி வந்த மணல் நகரத்தின் முகப்புக்கு வந்தது; குப்பங்களின் முன்னால் கல்லே நிற்கிறது. காப்பை எங்கே தொடங்குவது என்று முடிவெடுக்கும்போது சுற்றுலாப் பயணியின் மாலைநேர உலாவுக்குக் கிடைக்கும் முன்னுரிமை, மீனவரின் பிழைப்புக்கும் கிடைக்க வேண்டும்.

நாம் உற்றுப் படிக்கவேண்டிய ஓர் எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே இரண்டு மாநிலங்களின் எல்லையில் ட்வீட் என்ற ஆற்றின் முகத்துவாரச் சுவர்கள் 1960களில் நீட்டப்பட்டன. மணல் தெற்கே தங்கியது. வடக்கே கோல்ட் கோஸ்ட் கடற்கரைகள் 1967இன் புயல்களில் பெரிதும் அரித்துப்போயின. நம் கதையேதான். ஆனால் அதன் பிற்பகுதி வேறு. சுவர் ஒரு மாநிலத்தில், சேதம் மற்றொரு மாநிலத்தில் என்று வழக்காடிக்கொண்டிருக்காமல், நியூ சவுத் வேல்சும் குயின்ஸ்லாந்தும் உடன்பாடு செய்துகொண்டு செலவைப் பகிர்ந்தன. 2001 முதல், தெற்கே சேரும் மணலை நீரேற்றிகள் உறிஞ்சி ஆற்றுக்கு அடியில் பதித்த குழாய் வழியே வடக்கே கொடுத்து வருகின்றன. ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கனமீட்டர். முதல் சில ஆண்டுகளில் மணல் அளவுக்கு மேல் சேர்ந்து கிர்ரா கடற்கரை வேண்டாத அகலத்துக்கு வளர்ந்தது, அளவு திருத்தப்பட்டது. இயற்கையின் வேலையை நாம் கையில் எடுத்தால், அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டிய பொறுப்பும் கூடவே வருகிறது என்பதற்கு இது சாட்சி. புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே மணலுக்கு இப்படியொரு கூட்டுப் பொறுப்பு ஏன் இருக்கக்கூடாது?

மழைநீர்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, கடந்த பின்னும் நகராமல் நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் நகரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கியவர்களை மீட்க இராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. ரெயின்போ நகர், பாவாணர் நகர், இந்திரா காந்தி சிலைச் சதுக்கம் என்று தண்ணீர் நின்ற இடங்களின் பெயர்கள் யாருக்கும் புதியவை அல்ல. சாதாரண ஐப்பசி மழைக்கே நிற்கும் இடங்கள் அவை. சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணை வழியே வந்து பாகூர்ப் பகுதியையும் மூழ்கடித்தது. அடுத்தடுத்து நிகழ்ந்த இந்த இரண்டிலும் ஒரே உண்மை தெரிகிறது. மேலே தங்க இடமில்லாத நீர் கீழே வேகமாக வருகிறது. கீழே இறங்க மண்ணில்லாத நீர் தெருவில் நிற்கிறது. நகரத்துக்குள் இதற்கு நாம் கண்ட விடை ஒன்றே: வாய்க்காலைச் சிமென்ட்டால் கட்டி, நீரைச் சீக்கிரம் வெளியேற்றுவது. கடல் கொந்தளித்து மட்டம் உயர்ந்திருக்கும் வேளையில் அந்த நீரைக் கடலும் வாங்குவதில்லை.

புதுச்சேரி இந்த விடையோடு பிறந்த ஊர் அல்ல. இப்பகுதியில் 84 ஏரிகள் உண்டு. மிகப் பெரியதான ஊசுட்டேரி ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புடையது. பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே அதற்கு வருகிறது. ஏரி என்பது வெறும் பள்ளம் அல்ல. மேலிருந்து நீரைக் கொண்டுவரும் வரத்து வாய்க்கால், தாங்கும் கரை, அளந்து விடும் மதகு, மிஞ்சியதை அடுத்த ஏரிக்கு அனுப்பும் கலங்கல், அது போகும் போக்கு வாய்க்கால் ஆகிய ஐந்தும் சேர்ந்ததே ஏரி. ஒன்று அடைபட்டால் மற்ற நான்கும் பயனில்லை. வரத்து வாய்க்காலில் வீட்டுமனை விழுந்தால் ஏரி காய்கிறது. அதே நீர் வேறு வழியின்றி அந்த மனைக்குள்ளேயே புகுகிறது. வறட்சியும் வெள்ளமும் ஒரே ஆக்கிரமிப்பின் இரண்டு விளைவுகள். கரையோர நகரத்தில் மூன்றாவதும் உண்டு. மண்ணுக்குள் இறங்கும் நல்ல நீர் குறைந்தால், நிலத்தடியில் கடல்நீர் உள்ளே நகர்கிறது. நகருக்கு மேற்கே முத்திரைப்பாளையத்து நீரை 19ஆம் நூற்றாண்டிலேயே கொண்டுவர வேண்டியிருந்ததையும், அதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபம் இன்று அரசின் இலச்சினையாக இருப்பதையும் நினைத்துப் பார்த்தால், இந்த ஊர் தன் மேற்கு மண்ணின் தயவில் வாழ்வது என்பது விளங்கும்.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் இந்த ஏரிகளைச் சீரமைக்கவும், ஒவ்வோர் ஏரிக்கும் சங்கம் அமைத்து அதைப் பயன்படுத்துவோரிடமே பொறுப்பைத் தரவும் முயன்றது. அதன் சிந்தனை சரியானது. இந்த மண்ணுக்குப் பழகியதும்கூட. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும் தோட்ட வாரியத்தையும் பற்றிப் பேசுகின்றன. ஓராண்டுப் பதவிக்காலம், குடவோலை, கணக்கு காட்டாதவருக்கு மறு வாய்ப்பில்லை என்ற விதி. நான் இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த ஊர்ச் சபையில் இடம் யாருக்கு இருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் நாம் அறிவோம். நீர்நிலைக்கும் தோட்டத்துக்கும் பெயர் சொல்லும்படியான பொறுப்பாளர் ஒருவர் ஆண்டுதோறும் வேண்டும் என்ற நிர்வாக அறிவு மட்டுமே நமக்கு இங்கே தேவை. இன்று ஓர் ஏரியின் கரை ஒரு துறையிடம், நீர்ப்பரப்பு மற்றொரு துறையிடம், பறவைகள் வனத்துறையிடம், அதில் கலக்கும் சாக்கடை உள்ளாட்சியிடம் என்று கிடக்கின்றன. திட்டத்தின் பணம் தீர்ந்ததும் முயற்சி தளர்ந்துபோவதற்கு இந்தச் சிதறல் போதும்.

வெயில்

வெள்ளம் செய்தியாகிறது, வெப்பம் ஆவதில்லை. கடலோர நகரத்தில் வெப்பமானியின் எண் உள்நாட்டைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் காற்றின் ஈரத்தால் வியர்வை உலர்வதில்லை, உடல் குளிர்வதில்லை. கட்டட வேலை செய்பவர், மீன் கூடையோடு தெருவில் நடக்கும் பெண், தகரக் கூரையின் கீழ் உறங்கும் குழந்தை ஆகியோருக்கு இது உயிர்ப் பிரச்சினை. வசதியுள்ள வீடு அறைக் குளிரூட்டியை மாட்டிக்கொள்கிறது. அது அறையின் வெப்பத்தை எடுத்துத் தெருவில் விடுகிறது. தெருவில் இருப்பவர் அதையும் சேர்த்துச் சுமக்கிறார். இதற்கு மாறான வழியையும் இவ்வூர் அறியும். தமிழர் பகுதியின் பழைய வீடுகளில் திண்ணையும், அதற்கு முன்னே தெருவின் மேல் நீண்ட தாழ்வாரமும் இருந்தன. வைசியாள் வீதியில் அந்த மரபின் தடத்தை இன்றும் காணலாம். சொந்த வீட்டின் கூரையை வழிப்போக்கருக்கும் நிழலாகக் கொடுத்த கட்டடக்கலை அது. உள்ளே முற்றம் வெப்பக் காற்றை மேலே விட்டது. மர வரிசையும் திறந்த மண்ணும் இதே வேலையைப் பொது இடத்தில் செய்கின்றன. மரம் நிழல் தருவதோடு தன் இலைகளால் நீரை ஆவியாக்கி வெப்பத்தை அதிலேயே செலவழிக்கிறது. யார் வீட்டுக்கும் அதை அனுப்புவதில்லை.

மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: 46 செ.மீ. மழையை எந்த ஏரியும் பூங்காவும் தாங்காது. சீனத்தின் செங்சௌ நகரம் நீரை உறிஞ்சும் நகரமாக மாறப் பெரும் பணம் செலவிட்டது; ஆனாலும் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. மழை கொட்டியபோது சுரங்க ரயில் வரை வெள்ளம் புகுந்து ஏராளமானோர் இறந்தனர். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். பசுமைக் கட்டமைப்பு எல்லா மழையையும் விழுங்கும் என்று சொல்பவர் மக்களை ஏமாற்றுகிறார். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புதுச்சேரி நகராட்சிப் பரப்பு சுமார் 20 சதுர கிலோமீட்டர். அதன்மேல் 46 செ.மீ. மழை என்றால் 92 லட்சம் கனமீட்டர் நீர். ஊசுட்டேரி அளவுள்ள 800 ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது 80 லட்சம் கனமீட்டர். நகரத்து நீரை ஊசுட்டேரிக்கு ஏற்ற முடியாது. அது நகருக்கு மேற்கே உயரத்தில் இருப்பது. நான் காட்ட விரும்புவது அளவை மட்டுமே. நீர்நிலைகளின் கொள்ளளவு இந்தப் பேய்மழையோடு ஒப்பிடத் தகாத சிறு அளவு அல்ல. மேலேயுள்ள ஏரிகள் தம் பங்கைப் பிடித்துக்கொண்டால் ஆற்றில் வரும் வேகம் குறையும். நகரத்துக்குள் குளமும் விளையாட்டுத் திடலும் பள்ளி வளாகமும் தத்தம் பங்கைப் பிடித்துக்கொண்டால் வடிகாலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். 2011 ஜூலையில் இரண்டு மணி நேரப் பெருமழையில் மூழ்கிய கோபன்ஹேகன் இந்த வழியில்தான் சென்றது: பெருங்குழாய்களும் வேண்டும், மழையைச் சற்று நேரம் தாங்கி நிற்கும் பூங்காக்களும் தெருக்களும் வேண்டும், சுமார் 300 பணிகள், 20 ஆண்டுகள்.

இரண்டாவது: 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியிலிருந்து நகரத்தைக் காத்தது கல்லரண்தானே? நகர முகப்பின் உயரமும் அரணும் உதவின என்பதை நான் மறுக்கவில்லை. இருக்கும் கல்லைப் பிடுங்கி எறியச் சொல்லவும் இல்லை. எதிர்ப்பக்கச் சான்றையும் நேர்மையாகவே எடைபோட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்தியும் கரையோரத் தாவரங்களும் உயிரிழப்பைக் குறைத்ததாக எழுதினர். மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து, கடலிலிருந்துள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெரும்பாலும் இதை விளக்கிவிடும் என்று வாதிட்டனர். எனவே சுனாமியை மரம் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சுனாமி அரிது. புயல் அலை ஆண்டுதோறும் வருகிறது. ஆண்டுதோறும் வருவதற்கு அகன்ற மணற்கரையே முதல் காப்பு, தேங்காய்த்திட்டுக் கழிமுகத்தின் அலையாத்தி அடுத்த காப்பு, கல் கடைசிக் காப்பு. கடைசிக் காப்பை முதல் காப்பாக வைத்ததால்தான் அது இறங்கிக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது: மரங்கள் புயலில் சாய்கின்றன. 2011 டிசம்பர் 30 தானே புயலில் இந்நகரமும் கடலூரும் இழந்த மரங்களை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் சாய்ந்த மரத்தின் அடியைப் பார்த்தால் காரணம் தெரியும்: ஒரு முழத்துக்கு ஒரு முழம் மண் மட்டும் விட்டு, சுற்றிலும் சிமென்ட் பூசி, ஒரு பக்கம் வடிகாலுக்காக வேரை வெட்டிய மரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? சீக்கிரம் வளர வேண்டும், பூக்க வேண்டும் என்று தேர்ந்த அயல்மரங்களுக்கு முறியும் இயல்பும் அதிகம். இந்தக் கரைக்கென்று ஒரு காடு உண்டு: குட்டையாக, இறுக்கமாக, புயலையும் உப்புக்காற்றையும் பழகிய வறண்ட பசுமைமாறாக் காடு. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் அது தப்பிப் பிழைத்திருக்கிறது. மொட்டையாகக் கிடந்த செம்மண் மேட்டில் 1968க்குப் பிறகு ஆரோவில்காரர்களும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் வரப்பு கட்டி, மழைநீரை நிறுத்தி, அந்தக் காட்டின் மரங்களை மீண்டும் வளர்த்துக் காட்டினார்கள். வழியும் வித்தும் நம் வாசலிலேயே இருக்கின்றன.

நான்காவது மறுப்பே எனக்கு மிகக் கனமானது. பசுமை என்ற பெயரால் ஏழைகள் வெளியேற்றப்படுகிறார்கள். சென்னையில் அடையாறு, கூவம் கரைகளைச் சீரமைக்கும்போது அங்கே வாழ்ந்தவர்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலையும் பள்ளியும் இங்கே, வீடு அங்கே என்றானது. நாளை குருசுக்குப்பத்தின் முன் மணல் திரும்பினால், அது விடுதிகளின் நாற்காலிகளுக்குப் போகாது என்று யார் உறுதி தருவது? இந்த அச்சம் நியாயமானது. என் வாதத்தின் அளவுகோலையே இதற்கும் வைக்கிறேன். ஆபத்தை அடுத்தவர்மேல் தள்ளுவது பசுமைக் காப்பு அல்ல என்றால், மனிதரைத் தள்ளிவிட்டு வைக்கும் தோட்டமும் அல்ல. ஆகவே திரும்பிவரும் கரையில் படகு நிறுத்தும் உரிமை, வலை உலர்த்தும் உரிமை, கரைவலை இழுக்கும் இடம் ஆகியவை முதல் லாரி மணல் இறங்குவதற்கு முன்பே வரைபடத்தில் குறிக்கப்பட்டு ஊர்ப் பஞ்சாயத்தின் ஒப்புதலோடு எழுதப்பட வேண்டும். அது திட்டத்தின் பகுதி. பின்னால் சேர்க்கும் சலுகை அல்ல.

செய்ய வேண்டியவை

இவ்வளவும் சொன்ன பிறகு கோரிக்கைகளைத் தெளிவாக வைப்பது என் கடமை. முதலாவது, புதுச்சேரியும் தமிழ்நாடும் சேர்ந்த மணல் மேலாண்மைக் குழு ஒன்று. துறைமுகத்தின் தெற்கே சேரும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொடுப்பது அதன் வேலை. எவ்வளவு கொடுத்தது, எந்தக் கரை எவ்வளவு வளர்ந்தது அல்லது தேய்ந்தது என்ற கணக்கை ஆண்டுதோறும் அந்தந்தக் குப்பத்திலேயே படித்துக் காட்ட வேண்டும். இரண்டாவது, 84 ஏரிகளுக்கும் அவற்றின் வாய்க்கால்களுக்கும் எல்லை அளந்து கல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் நிரந்தரப் பராமரிப்புத் தலைப்பில் நிதியும் ஏரிச் சங்கத்துக்குச் சட்டப் பொறுப்பும். மூன்றாவது, புதிதாக வீடு கட்டும் ஒவ்வொருவரும் தம் மனையில் விழும் மழையில் ஒரு பங்கைத் தம் மண்ணிலேயே இறக்க வேண்டும் என்ற விதி தாளில் இராமல், கட்டி முடித்தபின் வந்து பார்த்துச் சான்று தரும் நடைமுறையாக வேண்டும். நான்காவது, நடும் மரத்தின் எண்ணிக்கையை அறிவிப்பதை விட்டு, மூன்றாம் ஆண்டில் உயிரோடிருக்கும் மரத்தின் எண்ணிக்கையை அறிவிக்கும் வழக்கம். இவற்றில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. எதற்கும் வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. தேவை, கட்டுவதற்கு இருக்கும் உற்சாகம் காப்பதற்கும் இருப்பதே.

மாணவர்களுக்கு ஒன்று. இனி உங்கள் வாழ்நாளில் இந்தக் கரைக்குப் புயல்காப்பு, வெள்ளக்காப்பு, வெப்பக்காப்பு என்று பல திட்டங்கள் வரும். சில கருங்கல்லாக வரும், சில பச்சைச் சாயம் பூசிக்கொண்டு வரும். ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: இந்த அலை, இந்த நீர், இந்த வெப்பம் இங்கிருந்து எங்கே போகிறது? அங்கே யார் இருக்கிறார்கள்? அடுத்த ஆண்டு இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார்? இந்த மூன்றுக்கும் பெயரும் தொகையுமாகப் பதில் சொல்லும் திட்டத்துக்குத் துணை நில்லுங்கள். சொல்லாத திட்டத்தை எவ்வளவு பெரியவர் திறந்துவைத்தாலும் கேள்வி கேளுங்கள். ஆபத்தை இனி அடுத்த குப்பத்துக்கு அனுப்புவதில்லை என்று ஒரு நகரம் முடிவெடுத்தால், அந்த முடிவிலிருந்தே அதன் மணலும் நீரும் நிழலும் திரும்பத் தொடங்கும். அந்த முடிவைப் புதுச்சேரி எடுக்க வேண்டும் என்று உங்கள் எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.